கார் போட்ட முட்டை

"நம்ம கார் முட்டை போட்டிருக்குது, சாமி," என்றார் மணியன். "மூணு சிலிண்டருக்கு மூணு முட்டை. கணக்குப் பிசகாமப் போட்டிருக்குது."

போனின் அந்தப் பக்கம், சேலத்தில், மகள் சரிதா சமையலில் இருந்தாள். குக்கர் விசிலடிப்பது கேட்டது.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"

"கார் முட்டை போட்டுச்சுங்கறேன், மாத்திரையக் கேக்கறயே."

"போன வாரம் மயிலு உள்ள வந்து உக்காந்து டீவி பாத்துச்சுன்னீங்க. அதுக்கு முந்தி ஏரி மீனு உங்களப் பேரு சொல்லிக் கூப்புட்டுச்சு. இப்ப இதையும் நம்போணுங்களா?"

மணியனுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னால், சாப்பிட்டேன், மழை இல்லை, முழங்கால் வலிக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு மயிலை அவிழ்த்துவிட்டால்தான் அவள் சண்டைக்கு வருவாள். சண்டை நடக்கிறவரைக்கும் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். மனைவி அங்கம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு, வெண்ணந்தூரின் அந்த வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை பிரிட்ஜ்தான். அதுவும் கரண்ட் இருந்தால்.

சங்கடம் என்னவென்றால், இந்தத் தடவை சொன்னது பொய்யில்லை.

"சரிங்கப்பா, நாளைக்குப் புரோக்கர் அங்க வாராரு. காரக் குடுத்துருங்க. ஆட்டையாம்பட்டிகிட்ட நடுரோட்டுல நின்னு போச்சே, அன்னைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"நல்லா ஓட வச்சுட்டேன்னா?"

"எங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்கட்டும். அப்பறம் பேசிக்கலாம்."

போன் அணைந்தது. வீடு பழையபடி ஆனது. மணியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரிடம் போனார். கார் போய்விட்டால் அப்புறம் சேலத்துக்குப் போவது என்பது, அவள் எப்போதாவது கூப்பிட்டால் மட்டும்தான்.

ஓய்வு பெறும்வரை அவர் மாட்டு ஆஸ்பத்திரியில் உதவியாளர். இந்தத் தாலுகாவில் பாதி மாடுகள் தன் கையால் பிறந்தவை என்பார். மீதிப் பாதி, தான் வருகிறேன் என்று கேள்விப்பட்டதும் தாமாகவே பிறந்துவிட்டவை.

முட்டை போட்டது கறுப்புக் கோழி. அங்கம்மாள் வளர்த்தவற்றில் மிஞ்சியது அது ஒன்றுதான். மணியனைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகும். நின்றுபோன காருக்கு அடியில் புகுந்து, பேட்டரி ஓரத்தில் கூளம் சேர்த்து, ரகசியமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. இரண்டு முட்டைகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். மூன்றாவதற்கு நீண்ட கை நின்றது. கூட்டை ஒரேயடியாக வழித்தெடுக்க அங்கம்மாள் விடமாட்டாள். ஒன்று கிடந்தால்தான் கோழி அந்த இடத்துக்குத் திரும்ப வரும் என்பாள். அந்த முட்டை அங்கேயே கிடந்தது. வேலை முடிந்ததும் கூளத்தோடு எடுத்துத் திண்ணை மேல் வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

பேட்டரி வயரைக் கழற்றினார். இன்ஜின் தலைமேல் பொறி உண்டாக்கும் மூன்று இக்னிஷன் காயில்கள், கறுப்புக் குழாய்களாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் அடியில், குழிக்குள் ஒரு ஸ்பார்க் பிளக். ஓரத்துக் காயில்கள் இரண்டும் போல்ட்டை எடுத்ததும் சொன்னபடி வெளியே வந்தன. நடுக்காயில் மட்டும் ரப்பர் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தது. வெடுக்கென்று இழுத்தால் பாதி உள்ளேயே தங்கிவிடும். கன்றுக்குட்டி சிக்கிக்கொண்டால் செய்வதையே செய்தார். கொஞ்சம் திருகல், கொஞ்சம் பொறுமை, அப்புறம் இழுப்பு.

"வாடி என் தாயி, வந்துரு," என்றார்.

வந்துவிட்டது. பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ரோட்டில் கழுத்தறுத்தது இதுதான். அதன் அடியிலிருந்த பிளக்கோ தீய்ந்த மிளகாய் மாதிரி இருந்தது.

புது பிளக்கை ஸ்பேனர் போடாமல் விரலாலேயே திருக வேண்டும். மரை தப்பினால் இன்ஜின் தலையே வீண், காரும் வீண். ஓரத்தில் இரண்டும் பதமாக இறங்கின. நடுவில் ஒரு சுற்றிலேயே இறுகியது. குழிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"டார்ச்சக் கொஞ்சம் இப்படிப் புடி," என்றார், திரும்பாமலே.

வாசல் சும்மா இருந்தது. அங்கம்மாள் டார்ச் பிடித்தால் வேலை நடக்கிற இடத்துக்கு வெளிச்சம் வராது, அவர் முகத்துக்குத்தான் வரும். அதற்கு எத்தனை தடவை திட்டியிருப்பார்! பிறகு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிளக்கை எடுத்து, மூச்சை அடக்கி மறுபடி விட்டார். வழுக்கிக்கொண்டு இறங்கியது.

வெடித்த காயிலுக்குப் பதில் வாங்கி வைத்திருந்த புதியதைப் பொருத்தி, பேட்டரி வயரையும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். கார் ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு மூன்று சிலிண்டரும் சேர்ந்து ஒரே சீராக ஓடின. காவிரியே ஜேடர்பாளையத்தில் ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுப் போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. சரிதாவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை, வேலையில் இருப்பாள். சொல்வதற்கு வேறு ஆளில்லை. பானெட்டைச் சாத்திவிட்டு, இரண்டு முட்டையையும் ஆம்லெட் போட்டுத் தின்றுவிட்டுப் படுத்தார். மூன்றாவது முட்டையைச் சுத்தமாக மறந்துபோனார்.

மறுநாள் காலை, புரோக்கருக்கு முந்திக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினார். பக்கத்து சீட்டு, அங்கம்மாள் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டபடியே இருந்தது. ஆட்டையாம்பட்டி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். கார் நிற்காமல் தாண்டியது.

சரிதா ஈரத்தலையில் துண்டோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"நெசமாவே ஓட்டிட்டு வந்துட்டீங்களா?"

"முட்டை போடற காரு, ஓடாதா?"

"ஏனுங்கப்பா, விடிஞ்சதும் ஆரம்பிக்கோணுமா?"

அப்போது பானெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கொர்ரென்று ஒன்று, அப்புறம் கரகரவென்று. இவ்வளவு தூரம் வந்து, இவள் வாசலிலா, என்று பதறினார் மணியன்.

"பாத்தீங்களா, சத்தம் வருது," என்றாள் சரிதா. இதைச் சொல்ல அவளுக்கும் பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. "போதுங்கப்பா. குடுத்துரலாம்."

இன்ஜினை அணைத்தார். சத்தம் அணையவில்லை. இறங்கி வந்து பானெட்டைத் தூக்கினார்.

பேட்டரி ஓரத்தில், உடம்பெல்லாம் புழுதியாக, உலகத்துக் கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு கறுப்புக் கோழி உட்கார்ந்திருந்தது. இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றது. அதன் அடியில் இரண்டு முட்டைகள்.

சரிதா ஒன்றை எடுத்தாள். எடுத்தவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சூடா இருக்குது," என்றாள். "இது அம்மா கோழிதானே?"

"ஆமா, சாமி."

"ஒண்ண எடுக்காம உட்டு வச்சிருந்தீங்களாக்கும்."

"உங்கம்மா சொல்லுவாளே."

சரிதா துண்டின் முனையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் போன் அடித்தது. புரோக்கர்.

"வேண்டாங்க," என்றாள். "வண்டி குடுக்கறதா இல்லீங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். சரிதா அப்பாவைப் பார்த்தாள், கையிலிருந்த முட்டையைப் பார்த்தாள்.

"இல்லீங்க, வெலைக்காக இல்லை. காரு முட்டை போட்டிருக்குதுங்க. ஆமாங்க, நானே பாத்தேன்."