சுவர்ப் பக்கத்துப் பாட்டு

மனைவி வேண்டாம் என்று சொன்ன காரியத்தில்தான் சில கணவர்களுக்கு அக்கறை பொங்கிக்கொண்டு வரும். ஸ்ரீநிவாசன் அந்த வகை. சேலையூரில் வீடு, இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. சனிக்கிழமை வந்தால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பல்லாவரம், பம்மல், திருமுடிவாக்கம் என்று ஒரு பழைய சாமான் கடை விடாமல் சலித்துக்கொண்டிருந்தார். தேடியது ஒரே ஒரு ரெக்கார்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் இருக்குமே, அந்தச் சின்ன சைஸ் தட்டு.

அதில் அவர் மனைவி ரமா பாடியிருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து பாடும் பாட்டில் கடைசி வரி மட்டும் அவளுக்குத் தனியாக. வரியை அட்சரம் பிசகாமல் பாடிவிட்டாள். பாடி முடித்த கையோடு, பக்கத்தில் மிருதங்கக்காரர் ஓர் ஏப்பம் விட்டார். ரமா குபீரென்று சிரித்துவிட்டாள். ஸ்டுடியோவில் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி பாட வழியில்லாமல் எல்லாரும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஏப்பம் விட்டவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்த குழந்தைமேல்தான் அத்தனை பேர் கண்ணும்.

அப்பா பஸ்ஸில் வீடு வரும்வரை பேசவில்லை. அடுத்த வாரமே பாட்டு வாத்தியாரை நிறுத்திவிட்டார். சிவப்பு லேபிளில் பச்சைக் கிளி போட்ட ரெக்கார்டு வெளியாகி வீட்டுக்கு வந்தபோது அதை பீரோவின் மேல்தட்டில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிளேயர் போட்டுப் பாட்டுக் கேட்கிற மனிதர், அதை மட்டும் எடுக்கவே இல்லை. என் சிரிப்பு அதில் இருக்கிறது, அதைக் கேட்க அவருக்குச் சகிக்கவில்லை என்று ரமா புரிந்துகொண்டாள். அதோடு பாடுவதையும் விட்டுவிட்டாள். அப்பா காலமாகி, வேளச்சேரி வீட்டைக் காலி செய்தபோது மற்ற தட்டுமுட்டுகளோடு ரெக்கார்டும் எங்கோ போயிற்று.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரமா ஒரு வரி முணுமுணுத்து ஸ்ரீநிவாசன் கேட்டதில்லை. மகனுக்குத் தாலாட்டு பாடும் பொறுப்புகூட அவருடைய கட்டைத் தொண்டைக்குத்தான் வந்து சேர்ந்தது. பிள்ளை பயத்திலேயே தூங்கிப்போவான். எட்டு வயதுச் சிரிப்பில் என்ன குற்றம் இருக்கிறது, இப்போது கேட்டால் அழகாகத்தான் இருக்கும், அவளுக்கே சிரிப்பு வந்துவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. அதைச் சொன்னபோது ரமா சிரிக்கவில்லை.

"அது கிடைச்சாலும் இந்த வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க" என்றாள்.

பம்மலில் காயலான் கடை வைத்திருந்த சிட்டிபாபுவுக்கு இவரைப் பார்த்தாலே அலுப்பு. இரும்பும் பிளாஸ்டிக்கும் வாங்கி விற்கிற இடத்தில் பாட்டைத் தேடி வருகிற ஆளை அவர் வேறெங்கும் கண்டதில்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, எடை போட்டுக்கொண்டே வாயைத் திறந்தார்.

"சின்ன தட்டா சார்? அதுங்கள எல்லாம் அப்பவே ஓவியா அள்ளிகினு பூட்ச்சு. கடியாரம் பண்ணுது."

ஸ்ரீநிவாசன் ஸ்கூட்டரைக்கூட எடுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த ஓவியாவின் கிஃப்ட் கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். சுவர் முழுக்க ரெக்கார்டுகள் கடிகாரமாகி, ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டிருந்தன. கல்லாவுக்கு மேலே இருந்த கடிகாரத்தின் நடுவில் சிவப்பு லேபிள். அதில் பச்சைக் கிளி. ரமா சொன்ன கிளி அதுதான். முட்களுக்கு இடையில் எட்டிப் பார்த்துப் பாட்டின் பெயரையும் படித்தார். ரமா பாடிய பாட்டு இது இல்லை; அதற்கு ஜோடியாக வந்ததென்று அவள் சொன்ன பாட்டு. அப்படியானால் அது மறுபக்கத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ஓவியா கறாராகச் சொல்லிவிட்டாள். அது அவள் முதன்முதலில் செய்த கடிகாரம், என்ன கொடுத்தாலும் விற்கமாட்டாள். ஸ்ரீநிவாசன் ஸ்டூலில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு முழுக் கதையையும் சொன்னார். ஏப்பம் வந்த இடத்தில் அவள் சிரித்தாள். தாலாட்டு வந்த இடத்தில் எழுந்து போய்க் கடிகாரத்தைக் கழற்றினாள். மெஷினைப் பிரித்து, ஒட்டியிருந்த எண்களை நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, தட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"நம்பர் ஒட்டின பக்கம் போச்சு சார். செவுத்துப் பக்கம் நல்லாதான் கீது. கேட்டுட்டு எடுத்தாந்து குடுத்துடுங்க."

கூட நாலு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம். அவர் தட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுக்க ஓடினார்.

வீட்டுக்கு வந்தபோது ரமா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். முதலில் தான் கேட்டுப் பார்த்துவிட்டு, சிரிப்பு எப்படி இருக்கிறதென்று தெரிந்துகொண்டு, பிறகு நைச்சியமாக ஆரம்பிக்கலாம் என்று ஸ்ரீநிவாசன் தட்டை ஈரத்துணியால் துடைத்து பிளேயரில் வைத்தார். கடிகாரத்துக்காக நடு ஓட்டையைப் பெரிதாக்கியிருந்ததில் பாட்டு லேசாகத் தள்ளாடிக்கொண்டு வந்தது. ஆனாலும் குழந்தைக் குரல்கள், எத்தனை சந்தோஷமான குரல்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தபோது வாசற்படியில் கறிகாய்ப் பையோடு ரமா நின்றிருந்தாள்.

திருடன் அகப்பட்டுக்கொண்ட மாதிரி அவர் கை ஊசியை எடுக்கப் போயிற்று.

"விடுங்க" என்றாள் ரமா.

மற்றப் பிள்ளைகள் அடங்கினார்கள். ஒரே ஒரு குரல் எழுந்தது. மெல்லிசான, துளி பயமில்லாத குரல். இந்தக் குரலோடா இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்தோம் என்று ஸ்ரீநிவாசனுக்கு நெஞ்சு கனத்தது. வரி முடிந்தது. ரமா பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றும் வரவில்லை. தட்டு சுற்றுகிற இரைச்சல் மட்டும்தான்.

அவர் ஊசியைத் தூக்கிக் கடைசி வரியில் மறுபடி வைத்தார். குரல் வந்தது, முடிந்தது, அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். ரெக்கார்டிங்காரர் யாரோ ஒரு புண்ணியவான், வரி முடிந்த இடத்தோடு சிரிப்பை நறுக்கென்று வெட்டி எறிந்திருக்கிறார். அவருக்கு அது ஒரு நிமிஷ வேலையாக இருந்திருக்கும்.

"ரமா, சிரிப்பே இல்லை" என்றார் ஸ்ரீநிவாசன். குதிக்காத குறை. "நீ கெடுக்கவே இல்லை. சுத்தமா இருக்கு பாட்டு."

ரமா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்து வந்தது எதுவும் இல்லை.

"வீட்டுல பிளேயர் இருந்துது" என்றாள். "அப்பா இதை ஒரு தடவைகூடப் போட்டுக் கேக்கலை."

ஒரு தடவை போட்டிருந்தால் சிரிப்பு இல்லையென்று அன்றைக்கே தெரிந்திருக்கும். தான் கொண்டுவந்தது இன்னதென்று அப்போதுதான் ஸ்ரீநிவாசனுக்கு உறைத்தது. மாமனாருக்குப் பரிந்து ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தார். மனசு வந்திருக்காது, நேரம் இருந்திருக்காது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். கடைசியில் ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

ரமா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"முதல்லேர்ந்து வைங்க. அவர் கேக்காததை நானாவது கேக்கறேன்."