எல்லாம் ஒரே நேரத்தில்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘மெயின் ஸ்விட்ச்’ என்று பேர். காலையில் மருந்துக் கடைக்குக் கிளம்பும்போது வீட்டு மெயினை அணைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் மின்சார வேலையெல்லாம் முடிந்துவிட வேண்டும். விட்டுவிட்டுப் போட்டால் பில் ஏறும், ஒரே மூச்சில் முடித்தால் மிச்சம் என்பது அவர் கண்டுபிடிப்பு. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் எனக்கு உயிர். ஹீட்டர் பெருமூச்சு விடும். மோட்டார் தண்ணீர் ஏற்றும். கிரைண்டர் தன் பாட்டுக்குச் சுற்றும். கொழுந்தன் சட்டைக்கு இஸ்திரி போடுவார். ஜன்னலோரம் நான் கரண்டு மெஷினில் தைப்பேன். பல்பு மங்கி மஞ்சளாகிவிடும். ஆவியும் இளவெயிலும் கலந்து மிதக்க, எல்லோருமாக ஒரே கப்பலில் எங்கோ போய்க்கொண்டிருப்பது போலத் தோன்றும். மெயின் அணைந்ததும் கப்பல் நின்றுவிடும்.

இந்த முறை பில்லில் கூடுதல் கட்டணம் என்று தனியாக ஒரு வரி இருந்தது.

“உன் மெஷின்தான். அது வந்தப்புறம்தான் இந்த வம்பு. வித்துடலாம்,” என்றார் வீட்டுக்காரர்.

அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. “முதல்ல ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் வில்லுங்க,” என்று அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

மின்சார ஆபீஸில் இருந்த அதிகாரியம்மா பில்லைப் பார்த்துவிட்டு, வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று கேட்டார்.

“ஒரு மணி நேரம்தாங்க போடுறோம்,” என்றார் இவர், பெருமையாக.

“அதாங்க வினையே. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா, உங்க வீட்டுக்கு அனுமதிச்ச அளவைத் தாண்டிடுது. மீட்டர் அதைக் குறிச்சு வச்சுக்கும். அதுக்குத்தான் இந்தக் கட்டணம். தையல் மெஷின் இழுக்கறதெல்லாம் கொசுறு. ஒண்ணொண்ணாப் போடுங்க.”

திரும்பும் வழியெல்லாம் அவர் பில்லையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாளிலிருந்து மெயினை அணைக்காமல் முறை வைத்தோம். ஹீட்டருக்கு விடியற்காலை, பிறகு மோட்டார், கிரைண்டர், இஸ்திரி. என் முறை மத்தியானம். மெஷின் தப்பித்தது. ஆனால் அந்நேரம் வீட்டில் ஒரு ஈ காக்கை இருக்காது. தைக்கத் தைக்கக் கண் கலங்கியது. இதற்கா மல்லுக்கு நின்றேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

ஒரு மத்தியானம் அவர் கடையிலிருந்து வந்தார். பக்கத்தில் போர்வையை விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சொருகினார்.

“இது என் முறைங்க.”

“தெரியும். அந்தம்மாகிட்ட மறுபடி போய்க் கேட்டேன். இது ரெண்டு மட்டும் சேர்ந்து ஓடினா ஒண்ணும் ஆகாதாம்.”

நான் மெஷினை ஓட்டினேன். அவர் தேய்த்துக்கொண்டிருந்தது, காலையிலேயே இஸ்திரி போட்டு வைத்த சட்டை.