சத்யா பாத்ரூமில் விழவில்லை

1

“‘எங்க வீட்டுல நான் விழுந்தேன்’னு பாடுறீங்களே, எப்ப விழுந்தீங்க?”

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு யூட்யூப் சேனல்காரர் சத்யாவிடம் கேட்ட கேள்வி இது. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. சத்யாவின் முழுப்பெயர் சத்யப்பிரியா. ஊர் சேத்தூர், வயது இருபத்தொன்று, ராப் பாடுகிறவள். நான் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு கேமராவில் விழாத இடமாகப் பார்த்து நின்றிருந்தேன்.

சத்யா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“பாத்ரூம்ல,” என்றாள். “பாசி. வழுக்கிட்டு.”

சேனல்காரர் மைக்கை இறக்கிவிட்டுச் சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் அவள் பெயர் ‘பாத்ரூம் சத்யா’ ஆகிவிட்டது.

அவள் சொன்னது பொய். எனக்காகச் சொன்ன பொய். விழுந்தது நான். அந்தப் பாட்டை எழுதியதும் நான்.

[முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் போட்டு உடைக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் நாலு வருடமாக ஒளித்து ஒளித்து எழுதியாயிற்று. கதைக்குள்ளும் ஒளிப்பதற்குத் தெம்பில்லை.]

2

எழுதிப் பார்த்து அடித்த தொடக்கங்கள்:

சேத்தூரில் ஒரு விவசாயி வீட்டில், இடி மின்னலோடு மழை பெய்த நாளில் சத்யப்பிரியா பிறந்தாள். அவள் அழுத அழுகையில் இடியே — (அவள் பிறந்தது சித்திரை வெயிலில். அவளே சொன்னாள்.)

பெண்களின் குரல் காலங்காலமாக ஒடுக்கப்பட்டு வந்திருக்கிற — (இதைப் படித்தால் சத்யா, “யாரட்டி ஒடுக்குனா? எங்க அப்பா பைக்குல கொண்டுவந்து எறக்கி விடுதாரு” என்பாள். உண்மைதான். அவளுடைய அப்பா தவசிமுத்து, மகள் பாடும்போது முன்வரிசையில் நின்று செல்போனில் படம் பிடிப்பவர். பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல்தான் இருக்கும்.)

மூன்றாவது தொடக்கம் கேள்வி. அதையே வைத்துக்கொண்டேன்.

3

சத்யா பாடக் கற்றுக்கொண்டது நலுங்கில். அவர்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் வீட்டுக்காரிகள் மாப்பிள்ளை வீட்டை ஏசிப் பாடுவார்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது, அதுதான் முறை. பதினாலு வயதில், அக்கா கல்யாணத்தில், மாப்பிள்ளையின் வழுக்கை, அவர் மாமாவின் தொப்பை, வந்து இறங்கிய வேனின் டயர் என்று இருபது நிமிடம் மூச்சு விடாமல் ஏசினாளாம். அந்த மாமா போலீஸ் ஏட்டு. கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “இந்தப் பிள்ளைய ஸ்டேஷனுக்கு அனுப்புங்க, திருடன் தானா ஒத்துக்கிடுவான்” என்றாராம்.

பிறகு ஒரு நாள் செல்போனில் யாரோ ராப் பாடுவதை முதல் தடவையாகப் பார்த்திருக்கிறாள்.

“ஏட்டி, இது நம்ம நலுங்குல பாடுறதுதான! என்ன, இவன் மாப்பிள்ள வீடே இல்லாம தனியா நின்னு ஏசிக்கிட்டு இருக்கான், பாவம்.”

சேத்தூர் பொங்கலில்தான் முதல் மேடை. பாட வேண்டியவர் வர நேரமானதால், மைக்செட் பொன்னுராஜ் அண்ணன், “மூணு நிமிசம் பாடிக்கோம்மா, அவிய வந்ததும் எறங்கிரணும்” என்று மைக்கைக் கொடுத்தார். அவர் வந்த பிறகும் பொன்னுராஜ் அண்ணன் மைக்கை அணைக்கவில்லை. அவருக்கு நன்றி. இந்தக் கதையில் நன்றி அடிக்கடி வரும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்பார்கள். நான் பதினொன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

4

என் பெயர் மாரீஸ்வரி. சத்யாவும் நானும் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு விசைத்தறி செட்டில் வேலை பார்க்கிறோம். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற செட். அவள் தறி ஓட்டுகிறாள். நான் தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கிறேன். இருபது தறியும் ஓடும்போது காதில் ஒன்றும் விழாது. அதனால் தறி செட்டில் எல்லோருக்கும் உதட்டைப் பார்த்தே பேச்சுப் புரியும்.

என் நோட்டுகளை நூல் சாக்குகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். வீட்டில் வைக்க முடியாது. (ஏன் என்பது ஆறாவது பகுதியில்.)

ஒரு நாள் மதியம் நிமிர்ந்து பார்த்தால், எதிரில் தறியில் நின்ற சத்யா பாடிக்கொண்டிருக்கிறாள். சத்தம் இல்லை, உதடு மட்டும்.

எங்கயோ எவனோ விழுந்தா
எங்க ஊருத் துணி ஓடும்;
எங்க வீட்டுல நான் விழுந்தேன்,
ஏன்னு கேக்க ஆள் வேணும்.

என் வரிகள். முந்தின நாள் எழுதியவை. கையிலிருந்த நூல் அறுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. ஓடிப்போய்ச் சாக்குக்குப் பின்னால் கையை விட்டேன். நோட்டு இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

“நூல் எடுக்கப் போனேன், கெடச்சிச்சு. ஏட்டி, நீ ஊமையில்லயா? மூணு மாசமா ஊமைன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்.”

“யார்ட்டயும் சொல்லிராத.”

“சொல்ல மாட்டேன். பாடிக்கிடட்டா?”

5

ராப்பில் ஒரு சட்டம் இருக்கிறது. பாடுகிறவரே எழுதியிருக்க வேண்டும். எழுதியதை வாழ்ந்திருக்க வேண்டும். அடுத்தவர் எழுதிக் கொடுத்துப் பாடுவது அவர்களுக்குள் பெரிய கேவலம். இது எனக்குத் தெரியாது. சத்யாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான், “என் பேரு வெளிய வரக்கூடாது” என்று நான் கேட்டபோது, “சரிட்டி” என்றாள்.

என் வீட்டில் எழுதினால் கேவலம். அவளுடைய உலகத்தில் எழுதாவிட்டால் கேவலம். இரண்டையும் அவளே தூக்கிக்கொண்டாள்.

[இந்த மூன்று வரி கொஞ்சம் அழகாக வந்துவிட்டது. சந்தேகமாக இருக்கிறது. சத்யா அப்படியெல்லாம் எதையும் தூக்கிக்கொள்கிற மாதிரித் தெரியவில்லை. வடை சாப்பிட்டுக்கொண்டுதான் சரி என்றாள்.]

தறிச் சத்தத்தையே தாளமாக வைத்து அவள் பாடிய வீடியோவை ஊரெல்லாம் பார்த்தார்கள். அப்புறம் அந்தப் பேட்டி, அப்புறம் பாத்ரூம். “வேற யாரோ எழுதிக் குடுக்காங்க” என்று கமெண்டில் எழுத ஆரம்பித்தார்கள். அவள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

6

அப்பாவை எழுத வேண்டும். இங்கேதான் பேனா நிற்கிறது.

அப்பா பெயர் பால்ச்சாமி. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் செக்யூரிட்டி. நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது என் நோட்டு ஒன்று டீச்சர் கையில் மாட்டியது. அதில், நான் பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸின் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் விதத்தை, விசில் ஊதும் விதத்தை, சில்லறை இல்லை என்று சொல்லும் விதத்தை நாலு பக்கம் எழுதியிருந்தேன். அதைக் காதல் என்றார்கள். கண்டக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். அதே நோட்டில் டீச்சர் சாக்பீஸ் உடைக்கும் விதமும் மூன்று பக்கம் இருந்தது. அதைக் காதல் என்று யாரும் சொல்லவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தார், கேட்டுக்கொண்டார். நோட்டை அவரிடம் காட்டவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. திரும்பும்போது அதே பஸ், அதே கண்டக்டர். “ராஜபாளையம் ரெண்டு,” என்றார் அப்பா. மறுநாள் காலையில் அம்மா எனக்கு டிபன் பாக்ஸ் கட்டவில்லை. படிப்பு நின்றுபோனது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ‘நான் விழுந்தேன்’ என்று எழுதியது இதைத்தான்.

இந்த இடத்தில் நிறுத்தினால் அப்பா வில்லனாகிவிடுவார். கதைக்கு அது வசதி. ஆனால் மாம்பழக் காலத்தில், சப்பட்டை மாம்பழத்தை அறுத்து இரண்டு பக்கத்துச் சதையையும் எனக்கு வைத்துவிட்டு, கொட்டையை மட்டும் தான் எடுத்துக்கொள்கிற மனிதரை எந்தப் பத்தியில் வைப்பது? அப்போதும் பேச மாட்டார். ஏன் எழுதினாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் — 

(இந்த வாக்கியத்தை நாலு வருடமாக முடிக்க முடியவில்லை.)

7

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி, ஸ்ரீவில்லிபுத்தூர். முதல் பரிசு, சென்னையில் நல்ல ஸ்டூடியோவில் ஒரு பாட்டுப் பதிவு. கலந்துகொண்டவர்கள் எல்லோருக்கும் அரைக்கிலோ பால்கோவா. விதி ஒன்றுதான்: சொந்த வரிகள்.

இடம், அப்பா வேலை பார்க்கும் மண்டபம். கதைக்காக நான் அப்படி வைக்கவில்லை. வைத்திருந்தால் வேறு மண்டபமாக வைத்திருப்பேன். அப்பா அதனால்தான் என்னைப் போக விட்டார். “நான் அங்கனதான நிப்பேன், வா.” சத்யா யாருடைய பாட்டைப் பாடுகிறாள் என்பது அவருக்குத் தெரியாது. அவரிடம் இருப்பது பட்டன் போன்.

சத்யா பாடினாள். மண்டபம் அதிர்ந்தது. அப்பா வாசலில் தொப்பியோடு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கேட்டாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை.

நடுவர் மைக்கை எடுத்தார். (முதலில் அவருக்குப் பெரிய மீசை வைத்து எழுதினேன். நிஜத்தில் மீசை இல்லை, நல்ல மனிதர்தான்.)

“எழுதுனது நீங்கதானாம்மா?”

“ஆமா சார்.”

“அப்ப மூணாவது வரி. அது என்ன விழுந்தது?”

“பாத்ரூம்!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினான். சிரிப்பு.

உண்மையைச் சொன்னால் பரிசு போகும், ஆனால் பொய்க்காரி என்ற பெயர் போய்விடும். அவள் வாசலில் நின்ற என் அப்பாவைப் பார்த்தாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“பாத்ரூம்தான் சார். பாசி.”

முன்வரிசையில் தவசிமுத்து எழுந்துவிட்டார். மகளை யாரோ குறை சொல்வதாக நினைத்துக்கொண்டார் போல.

“எங்க வீட்டு பாத்ரூம் டைல்ஸுங்க! பாசியே கெடயாது! வேணும்னா வந்து பாருங்க!”

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சத்யா சிரிக்கவில்லை. “அப்பா, உக்காருப்பா,” என்றாள். பாட்டுக்கு நடுவில் அவள் மைக்கை இறக்கியதை அன்றுதான் பார்த்தேன்.

நான் எழுந்தேன்.

“அது நான் எழுதுனது. அவ திருடல. நான்தான் சொல்லாதன்னு சொன்னேன்.”

“கொஞ்சம் சத்தமாம்மா,” என்றார் நடுவர்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சபையில் பேசினேன். அதையும் இரண்டு தடவை பேச வைத்தார்கள்.

8

பாடகியின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன்.

விதிப்படி அந்தப் பாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. “சொந்தமா ஏதாவது இப்பவே பாடுவீங்களா?” என்று நடுவர் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. சத்யா அவரை மாப்பிள்ளை வீடாக நினைத்து ஆரம்பித்தாள்; சட்டைக் காலரில் தொடங்கி, அவர் குடித்துவிட்டு மிச்சம் வைத்த டீ வரைக்கும் போனாள். அவரே மேஜையைத் தட்டித் தாளம் போட்டார். பரிசு சிவகாசிப் பையன் ஒருவனுக்குப் போனது. சத்யாவுக்குப் பால்கோவாவும், இரண்டு கல்யாணத்துக்கு நலுங்கில் பாட அழைப்பும். ஒரு கல்யாணம் முடிந்துவிட்டது. யாரும் அடிக்கவில்லை.

போன வாரம் போட்ட வீடியோவின் அடியில், “எழுத்து: மாரீஸ்வரி. குரல்: சத்யப்பிரியா” என்று இருந்தது. எழுத்து முதலில். நான் கேட்கவில்லை. அவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் செட்டில் அவள் தறிக்கு முன்னால் போய் நின்றேன்.

“என்னட்டி மொறைக்க? இனிமே விழுந்தா சொல்லிட்டு விழு,” என்றாள். உதட்டால்தான்.

நான் இந்தக் கதையை எழுதுவது அதற்குப் பதிலாக.

9

இனி மிச்சம் இருப்பது அப்பா.

அவருக்கு மூன்று முடிவு எழுதினேன். முதலாவதில் என் தலையில் கை வைக்கிறார். (அப்படிச் செய்கிற ஆளே இல்லை. அடித்துவிட்டேன்.) இரண்டாவதில் எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்து இழுத்துப் போகிறார். (பயத்தில் எழுதியது. அவருக்குச் செய்த அநியாயம்.) மூன்றாவதில், “ஏன் எழுதுன?” என்று கேட்கிறார். அதை மட்டும் பதினோரு தடவை எழுதினேன், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பதிலோடு.

அதற்கப்புறம் வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். அதில் பாதி அவருடையது. அவரைக் கேட்காமல் எழுத மாட்டேன். அதனால் மண்டபத்தில் நடந்ததை மட்டும் தருகிறேன். மேற்கொண்டு நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். என் அப்பாவிடம் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

நான் இரண்டாம் தடவை சொல்லி முடித்தபோது, அவர் வாசலை விட்டு உள்ளே வந்தார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, கால் மாறாத நடை. என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று புரியச் செத்த நேரம் ஆனது. பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முதல் பக்கத்தைத் திறந்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, மெதுவாகப் படித்தார். மேடையில் சத்யா நடுவரை ஏச ஆரம்பித்திருந்தாள். ஜனங்கள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கத்தைத் திருப்பினார். அதையும் படித்தார். மூன்றாவது பக்கத்தின் பாதியில் நிறுத்தி, அதன் மூலையைச் சின்னதாக மடித்தார்.

நோட்டை மூடி, என்னைப் பார்த்தார். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு, காவலுக்கு ஆள் இல்லாத அந்த வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கிப் போனார்.