லிஃப்டில் விரித்த புதன்கிழமை

எந்த நாட்காட்டியிலும் இல்லாத ஒரு புதன்கிழமை அந்தக் கப்பலில் காலையிலிருந்து இரவு வரை ஒரு நிமிடம்கூடக் குறையாமல் நடந்தது. வானம் தெளிவாக இருந்தது, காற்று மிதம். உலகைச் சுற்றிவர நூற்றுப் பதினெட்டு நாள் எடுத்துக்கொள்ளும் சொகுசுக் கப்பல் அது. மேற்கே போகும் கப்பல்கள் நடுக்கடலில் தேதிக் கோட்டைத் தாண்டும்போது ஒரு முழு நாளைக் கைகழுவிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை படுத்தவர்கள் வியாழக்கிழமை எழுந்திருப்பார்கள். அந்த ஆண்டு கைகழுவ வேண்டியிருந்தது ஒரு புதன்கிழமையை. அது தப்பித்து வந்து நடந்துவிட்டதற்குக் காரணம், கிழமைக்காரன் என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு துப்புரவுப் பணியாளனின் கைப்பழக்கம்.

அந்த மாதிரிக் கப்பல்களில் பயணிகளுக்கு முதலில் மறந்துபோவது கிழமைதான். அதற்காக எட்டு லிஃப்டுகளின் தரையிலும் அன்றைய கிழமையின் பெயர் நெய்த சின்னக் கம்பளம் கிடக்கும். இரவுப் பணிக்காரன் பழையதைச் சுருட்டி எடுத்துவிட்டுப் புதியதை விரிக்க வேண்டும். பதினோரு வருடமாக அதை அவன்தான் செய்துவந்தான். காய்ச்சலோடும் விரித்திருக்கிறான், புயலில் கப்பல் ஆடு ஆடென்று ஆடியபோது தவழ்ந்து போயும் விரித்திருக்கிறான். தேதிக் கோட்டைத் தாண்டும் இரவைத் தவிர, ஒரு தடவைகூடத் திங்களுக்கு அடுத்துச் செவ்வாய் வராமல் போனதில்லை.

அவன் மனைவி அதே கப்பலில் அடித்தளச் சலவைக் கூடத்தில் இஸ்திரி போட்டாள். அங்கே ஜன்னல் கிடையாது. உலகத்தை அவள் ஆறு முறை சுற்றியிருந்தாள், ஆனால் கடலை உட்கார்ந்து பார்த்ததில்லை. மேல்தளத்துச் சாய்வு நாற்காலிகளில் பயணிகள் விரித்துப் படுக்கும் நீலத் துண்டுகளைத் தினமும் எழுநூறு மடிப்பாள். துண்டில் படிந்த கறையைப் பார்த்து மதியம் என்ன சாப்பாடு என்று சொல்லிவிடுவாள். கல்யாணமாகி ஆறு வருடம். அவளுக்குப் பகல் வேலை, அவனுக்கு இரவு வேலை, இரண்டு பேருக்கும் ஒரே கேபின், ஒரே கட்டில். அவன் வந்து படுக்கும்போது அவள் படுத்திருந்த சூடு மெத்தையில் மிச்சமிருக்கும். நேருக்கு நேர் பார்ப்பது காலையில் இருபது நிமிடம் மட்டும். மற்றபடி கண்ணாடியில் ஒட்டிய சீட்டில்தான் குடும்பம் நடந்தது: சோப்பு தீர்ந்துவிட்டது, உன் அக்கா பேசினாள், மாத்திரை சாப்பிட்டாயா. ஒப்பந்தப்படி வாரத்தில் ஏழு நாளும் வேலை. விடுமுறை என்ற வார்த்தை அங்கே பயணிகளுக்கு மட்டும் சொந்தம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, இருபது நிமிடத்தில் பதினெட்டு போன பிறகு, அவள் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை கரை வருது. நான் இறங்கிடுறேங்க. நாளைக்குக் காலையில லெட்டர் குடுத்துடுவேன்."

"ஏன்? என்ன ஆச்சு?"

"ஏன்னு சொல்றதுக்கு இந்த ரெண்டு நிமிஷம் பத்தாது" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

அன்று பகல் அவனுக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை. சாயங்காலம் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, செவ்வாய்க்கு அடுத்து வியாழன், புதனைத் தொடவே தொடாதே என்று மூன்று தடவை சொன்னார். அவன் மூன்று தடவையும் தலையாட்டினான். காது கேட்டது, தலை ஆடியது, கை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. செவ்வாயைச் சுருட்டிய கை தன் பாட்டில் புதனை எடுத்து விரித்துவிட்டு அடுத்த லிஃப்டுக்குப் போனது. மனசு முழுக்க அந்தக் கடிதம் இருந்ததால் எட்டு லிஃப்டு முடிந்தும் அவனுக்கு அது உறைக்கவில்லை. விடிந்ததும் காலை நடைக்குக் கிளம்பிய ஒரு பல் மருத்துவர் முதல் லிஃப்டில் ஏறி, காலடியைப் பார்த்து, "ஓ, புதனா?" என்றார். அதோடு நாள் பிறந்துவிட்டது.

கப்பல் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. இயந்திரம் ஓடியது, பின்னால் நுரை கிளம்பியது, கருவியில் இடம் மட்டும் மாறவில்லை. கேப்டன் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி வைத்தார். கேபின் கதவுகளுக்கு அடியில் தினமும் செருகப்படும் நிகழ்ச்சித் தாள் அன்று அச்சாகவில்லை. வேலைப் பட்டியலில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே யார் பெயரும் இல்லாததால் தொள்ளாயிரம் பணியாளர்களுக்கும் வேலை இல்லாமல் போனது. யாரும் சண்டைக்கு வரவில்லை. பயணிகளே சமையலறைக்குள் போனார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் முட்டை பொரித்துப் பாத்திரம் கழுவுபவர்களுக்குப் பரிமாறினார். எவ்வளவு வெட்டினாலும் ரொட்டி குறையவில்லை. குடித்து வைத்த காபி ஆறவில்லை.

இதெல்லாம் தெரியாமல் அவன் மனைவி விடிந்ததும் கடிதம் எழுதி, மறக்காமல் தேதி போட்டு, பணியாளர் அதிகாரியின் பூட்டிய பெட்டிக்குள் போட்டுவிட்டாள். பிறகு வேலைக்குப் போனால், சலவைக் கூடத்துத் தலைவி, சிரித்தே யாரும் பார்த்திராதவர், துணிமூட்டை மேல் கால்நீட்டி உட்கார்ந்து, "இன்னைக்கு ஆள் கணக்கே இல்ல, போ, போய்க் கடலைப் பாரு" என்றார்.

புருஷனும் பெண்டாட்டியும் மேல்தளத்துக்கு வந்து, அவள் இஸ்திரி போட்ட நீலத் துண்டுகளை விரித்து அடுத்தடுத்துப் படுத்தார்கள். எட்டு மணிக்குப் பேச ஆரம்பித்தார்கள். எட்டு இருபதுக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது. ஆறு வருடத்தில் அவர்களுக்குப் பழகியிருந்தது அவ்வளவுதான். அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல் புதிதாகப் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி கூச்சத்தோடு கடலைப் பார்த்தார்கள். பத்து மணி ஆனதும் பழக்கதோஷத்தில் அவனுக்குக் கண் சொக்கியது. "இப்போ தூங்கினீங்கன்னா தூக்கிக் கடல்ல போட்டுடுவேன்" என்றாள் அவள். அங்கே ஆரம்பித்தது சண்டை.

சண்டை போடக்கூட நேரம் வேண்டும். அவர்களுக்கு அதுவரை கிடைத்ததில்லை. எல்லாச் சண்டையும் பாதியில் நின்று, சீட்டில் எழுத முடியாததாகி, உள்ளே கிடந்து ஊறிக்கொண்டிருந்தது. அன்று ஆறு வருடத்துச் சண்டையையும் ஒன்றுவிடாமல் போட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் மரியாதையாக எழுந்து தள்ளிப் போனார்கள். மத்தியானம் மூன்று மணி வாக்கில் அடி மட்டத்துக்கு வந்தபோது விஷயம் இத்தனூண்டு என்று தெரிந்தது. அவளுக்கு இரவில் விழித்தால் தலைவலி வரும் என்று அவன் நினைத்துக்கொண்டு ஒரே ஷிஃப்ட் கேட்கவில்லை. அவனுக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டு அவளும் கேட்கவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றான்.

"நீங்க கேட்டிருக்கலாமே?" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவனும் அழுதான். சூரியன் இறங்குவதை இரண்டு பேரும் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பார்த்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரத்தில்தான் அவளுக்கு நினைவு வந்தது.

"லெட்டரைப் பெட்டியில போட்டுட்டேனே. என்னங்க பண்றது?"

பெட்டியின் சாவி அதிகாரியிடம் இருந்தது, கொடுத்த ராஜினாமாவைத் திருப்பித் தரும் வழக்கம் அந்தக் கப்பலில் இல்லை. அன்றிரவு அவன் கனத்த மனசோடு புதனைச் சுருட்டி வியாழனை விரித்தான்.

வியாழக்கிழமை காலை அதிகாரி அவளைக் கூப்பிட்டார். கடிதத்தை விரல்நுனியில் பிடித்திருந்தார். விதிமுறை என்றால் உயிரை விடுகிற மனிதர். முந்தின நாள் முழுக்க அவரே நீச்சல் குளத்தில் மிதந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள்.

"தேதி என்னம்மா போட்டிருக்கீங்க? நம்ம கப்பல்ல இப்படி ஒரு நாளே கிடையாது. இதை நான் வாங்கவே முடியாது. வேற எழுதிக் குடுங்க" என்று ஒரு வெற்றுத்தாளை நீட்டினார்.

அவள் நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். என்னையும் என் கணவரையும் ஒரே ஷிஃப்டில் போடவும், இரவானாலும் சரி. கீழே வியாழக்கிழமை தேதி. அதிகாரி தேதியை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

வெள்ளிக்கிழமை கரை வந்தது, அவள் இறங்கவில்லை. மறு ஆண்டு அந்தக் கோடு நெருங்கியபோது கைகழுவ வேண்டியிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையை. இந்த முறை கேப்டனே கிழமைக்காரனைக் கூப்பிட்டு, சனிக்கு அடுத்துத் திங்கள், ஞாயிறைத் தொடவே தொடாதே என்று மூன்று தடவை எழுத்துப் பிசகாமல் படித்துக் காட்டினார். படித்து முடித்துவிட்டு, காற்று அடிக்காத பக்கமாகத் தனக்கும் ஒரு சாய்வு நாற்காலி பிடித்து வைக்கும்படி சொன்னார். கிழமைக்காரன் சரி என்று தலையாட்டினான். கேபினுக்கு வந்து பார்த்தால், அவன் மனைவி எட்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்தாள்.