ஐப்பசி முதல் தேதியும் ஒரு பனீர் ரோலும்

பிரவின்குமாருக்கு வாய்த்த மனைவி, எந்தக் கடைக்குப் போனாலும் மாஸ்டரைக் கூப்பிட்டு விசாரணைக் கமிஷன் வைப்பாள். லோகப்பிரியாவுக்கு முட்டை ஆகாது. துளி உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு முட்டும். கல்யாணமான புதிதில் ஒரு சாண்ட்விச்சில் தடவியிருந்த மயோனைஸ் அவளை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் போட்டது. ஆம்லெட் என்றால் கண்ணுக்குத் தெரியும். அந்த வெள்ளைச் சாந்துக்குள் முட்டை ஒளிந்திருப்பது யாருக்குத் தெரிகிறது?

அதனால் அவள் ஒவ்வொரு முறையும் கேட்பாள். பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். இவனுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். "போன வாரந்தான கேட்ட அம்மணி?" என்று முணுமுணுப்பான்.

சோமனூர் ஷாஹுலின் ரோல் கடையில் மட்டும் அவனே கேட்டான். "முட்டையே இல்லீங்க, பால்ல செஞ்ச மயோனைஸுங்க" என்றார் ஷாஹுல். அன்றிலிருந்து வாரம் இருமுறை பனீர் ரோல் வந்தது. இவளும் ஆசையாகத் தின்றாள்.

ஐப்பசி முதல் தேதி சாயங்காலமும் வாங்கி வந்தான். காகிதத்தைப் பிரித்து, மயோனைஸ் வழிய அவள் வாயருகே நீட்டினான். வாயைத் திறந்தவள் பக்கத்திலிருந்த இன்னொரு பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அது என்னங்க மாமா?"

"எனக்குச் சிக்கன் ரோலு. புரட்டாசிதான் நேத்தே முடிஞ்சுபோச்சே!"

லோகப்பிரியா சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "முட்டை இல்லைன்னு அவரு சொன்னது எப்பங்க?"

"போன மாசம்..." என்றவன் ரோலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். புரட்டாசி முழுக்க ஊரில் பாதிப் பேர் கவிச்சி தொடுவதில்லை, முட்டை உட்பட. கடைகளும் அதற்குத் தக்கபடி மாறிக்கொள்ளும்.

ஷாஹுலுக்குப் போன் போட்டான். "இன்னிக்கிக் காலைலதானுங்க முட்டை மயோனைஸுக்கு மாறுனோம். ஏனுங்க, அம்மணி சாப்பிட்டுப்போட்டாங்களா?" என்று பதறினார் அவர்.

"இல்லீங்க" என்று சொல்லிப் போனை வைத்தான் பிரவின். ரோலைக் குப்பையில் போட்டுவிட்டு நாற்காலியில் சரிந்தான்.

"என் கையாலயே உனக்கு ஊட்டியிருப்பேன், கண்ணு."

"அதான் ஒண்ணும் ஆகலீங்கல்ல? உடுங்க மாமா." அவன் கண்ணைத் துடைக்க அவள் கிட்டே வந்தாள்.

அவன் பதறி எழுந்து பின்வாங்கினான். "தொடாத, கையெல்லாம் மயோனைஸு!" சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினான். முகர்ந்து பார்த்தான். மறுபடி கழுவினான். லோகப்பிரியா துண்டோடு கதவோரம் காத்து நின்றாள்.