முதல் சுற்று யாருக்கு

கார் இடிபடுவதற்கு முன்பே கவிநிலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சாவி அண்ணன் கைக்குப் போன அந்த நொடியிலேயே வந்தது.

முதலியார்பேட்டையில், தெருமுனை அம்மன் கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை. ஒயிட் டவுனில் இருந்த ஒரு பிரெஞ்சுக்கார முசே, பிரான்சில் மகளோடு போய் இருக்கப் புறப்பட்டவர், தன் கருநீல ஸ்போர்ட்ஸ் காரைக் கவிநிலாவுக்கு விற்றிருந்தார். தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்து, ஆர்டருக்கு நாயாய் அலைந்து சம்பாதித்ததில் வாங்கியது. இதில் வேறு யார் காசும் இல்லை.

அதுவரை அவள் ஓட்டியது எல்லார் வீட்டிலும் நிற்கிற சின்னக் கார். அதில் முன்சக்கரங்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். இதில் பின்சக்கரங்கள் தள்ளும். வழுக்குகிற இடத்தில் திருப்பிக்கொண்டே அவசரப்பட்டு மிதித்தால் வண்டியின் பின்பக்கம் ஒரு வீச்சு வீசும். ஆடி முடியட்டும் என்று அம்மா பூசையைத் தள்ளிப்போட்டிருந்த நாட்களில், கவிநிலா அரியாங்குப்பத்துக் காலி மனைகளில் இதை ஓட்டிப் பழகினாள். மழை பெய்த மண்ணில் எத்தனையோ தடவை சுழன்று நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள்.

அதெல்லாம் அம்மா நிர்மலாதேவிக்குக் கணக்கே இல்லை. கற்பூரம் காட்டி முடித்ததும் அவள் பூசாரியின் தட்டிலிருந்த சாவியை எடுத்து, மகன் செல்வகுமாரிடம் நீட்டினாள்.

"மொத சுத்து ஆம்பளப் புள்ள சுத்திட்டு வரட்டும்."

"அம்மா, வண்டி என்னுது."

"உன்னுதுதான்டி. யாரு இல்லைன்னா? சாங்கியத்துக்கு ஒரு சுத்து. வாசல்ல நின்னுகினு வாயாடாத."

நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி பூசணிக்காயைத் தூக்கி வண்டிக்கு முன்னால் ஓங்கி உடைத்தார். குங்குமமும் சதையும் விதையும் தார் ரோட்டில் வழவழவென்று பரவின.

அதைப் பார்த்ததும் கவிநிலா கோபத்தை விழுங்கிக்கொண்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்ட அண்ணனின் பக்கத்துக் கதவுக் கண்ணாடியருகே குனிந்தாள். "அண்ணே, இது பின்சக்கர வண்டி. உன் வண்டி மாதிரி இல்ல. பூசணிக்காய் மேல நேரா போ. தாண்டினப்புறம் திருப்பு. மெதுவா மிதி."

"பதினஞ்சு வருசமா ஓட்றேன். எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

சொன்னவன் எல்லாரும் பார்க்கட்டும் என்று வண்டியை ஓர் உறுமு உறுமவிட்டான். எலுமிச்சை நசுங்கியது. முன்சக்கரங்கள் பூசணிக்காயைத் தாண்டியவுடன் இடதுபக்கம் ஒடித்து, தன் காரில் மிதிப்பதுபோலவே ஒரே மிதியாக மிதித்தான். அப்போது பின்சக்கரங்கள் அந்தப் பூசணிச் சேற்றின் மேல் இருந்தன. வண்டியின் பின்பக்கம் வலதுபக்கம் வீசியது. வீசுகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பியிருந்தால் நேராகியிருக்கும். அவனோ இடப்பக்கமே இன்னும் ஒடித்து பிரேக்கை அழுத்தினான். வண்டி அரைவட்டம் சுழன்று, பின்பக்கத்தால் கரண்ட் கம்பத்தில் மோதி நின்றது. பின்விளக்கு உடைந்து, பம்பர் தொங்கியது.

ஆளுக்கு அடியில்லை. இறங்கினான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், கூடியவர்களைப் பார்த்து வாய்கூசாமல் சொன்னான்: "பின்சக்கர வண்டிங்க. கன்ட்ரோலே வராது. நான் இருந்ததால கம்பத்தோட போச்சு."

"ராசியில்லாத வண்டி. வித்துடு," என்றாள் அம்மா. பிறகு நெஞ்சில் கைவைத்து, "நல்லவேள நீ ஓட்டலடி. ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றாள்.

கவிநிலாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஒண்ணும் ஆயிருக்காது! நான் ஓட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா! சொல்லச் சொல்லக் கேக்காம இடிச்சவன் இங்க நிக்கிறான், அவன ஒரு வார்த்த கேட்டியா? வண்டிமேல பழிய போடுற!"

"கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்!"

"ஒர்க்‌ஷாப்புக்கு நானே எடுத்துட்டுப் போறேன் வுடு," என்றான் செல்வகுமார், பெரிய மனது பண்ணுகிறவனைப் போல.

சாவியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். தொங்கிய பம்பரைத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் பக்கத்துல உக்காரட்டும், தொணைக்கு," என்றாள்.

"கதவ வுடும்மா. இனிமே இதுல அவன் ஏறணும்னா என்னைக் கேக்கணும். நீயுந்தான்."

வண்டி குறுக்கே நின்றது. ரோட்டுக்குத் திரும்ப அந்தச் சேற்றின் மேலேதான் வழி. கால் கட்டைவிரலால் தொடுவதுபோல் மிதித்தாள். பின்பக்கம் லேசாக நழுவியது. நழுவிய பக்கமே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொடுத்தாள். வண்டி சொன்னபடி கேட்டு நேரானது. உடம்பெல்லாம் சிலிர்த்தது அவளுக்கு. அம்மா பார்த்திருப்பாள் என்று பின்புறம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள்.

அம்மா இந்தப் பக்கமே திரும்பவில்லை. முந்தானையால் மகனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பயந்துட்டியாப்பா?" என்று கேட்பது கண்ணாடியில் உதட்டசைவிலேயே தெரிந்தது.

கவிநிலாவின் கண் கலங்கியது. அதற்கும் கோபம் வந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் திருப்பத்தை விட்டுவிட்டு, கோயிலின் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வாசலுக்கே வந்தாள். சேற்றுக்கு முன்னால் நிறுத்தி, ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. தெருவே காதைப் பொத்தியது. அம்மா நிமிர்ந்து, கையிலிருந்த முந்தானையை விடுகிற வரைக்கும் அடித்தாள்.

"இப்பப் பாரு," என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.