இரண்டாவது கையெழுத்து

அரை அங்குலம் என்றால் தையலக்காவுக்கு அரை அங்குலம்தான். நூலளவு கூடினாலும் தைத்ததைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்காருவாள். இடுப்பளவைக் குறைத்துச் சொல்லும் பெண்களிடம், "நீங்க பொய் சொல்லலாம்மா, டேப்பு சொல்லாது" என்று வாயடிப்பாள். அப்படிப்பட்டவள் மாதக்கணக்கில் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவன் வாயை அந்தத் தெருவே சேர்ந்து தைத்திருக்கும்.

அவள் ஞாயிறு ஆராதனைக்குப் போகும் சபையில் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விதி வந்தது. வேறெங்கோ ஒரு சபையில் ஏதோ நடந்து, பெயர் நாறி, அதைப் பார்த்துப் பயந்து போட்ட விதி. பிள்ளைகள் இருக்கும் அறையில் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை இருவரும் நகரக் கூடாது. வந்த நேரம், போன நேரம் எழுதி இருவரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துப் பாட்டு அறைக் கதவில் ஒட்டினார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கட்டம் நிறைந்திருந்தால் போதும்; அறைக்குள் யார் இருந்தார்கள் என்று எட்டிப் பார்க்க அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சனிக்கிழமைகளில் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை கூடும் சிறுவர் பாட்டுக் குழுவுக்கு முதல் கையெழுத்து பாட்டு மாஸ்டருடையது. இரண்டாவது தையலக்காவுடையது. மாஸ்டருக்கு முப்பது வயதிருக்கும். எந்நேரமும் சிரித்த முகம். வயதானவர்களைக் கண்டால் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொள்வான். சபையில் கல்யாண வயதில் பெண் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவன்மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள்.

முதலில் சில மாதங்கள் அக்கா ஒழுங்காகத்தான் உட்கார்ந்தாள். மடியில் சட்டைகளைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் பாடப் பாட பொத்தான் தைப்பாள். பிறகு பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் வந்தது. இருநூறு சீருடை. கடையில் கால் வைக்க இடமில்லை.

"அக்கா, துணி மலையா குவிஞ்சு கிடக்குன்னு சொன்னீங்களே, கிளம்புங்க. நான் பாத்துக்கறேன்" என்றான் மாஸ்டர்.

"விதி இருக்கேப்பா."

"விதி நம்மள மாதிரி ஆளுங்களுக்கா? ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க. இல்லன்னா செயலாளர் ஐயா என் உயிரை வாங்கிடுவாரு."

அக்கா சிரித்துக்கொண்டே போட்டாள். நாலு மணிக்கு நின்றுகொண்டு, போன நேரம் ஆறு என்று எழுதினாள். "தங்கமான பையன்" என்று அன்று வீட்டுக்காரரிடமும் சொன்னாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கப்புறம் வாசலில் தலையைக் காட்டி, போட்டுவிட்டு ஓடுவது வழக்கமாகிவிட்டது. "அடுத்த மாசத்துக்கும் சேத்துப் போட்டுடுங்களேன்க்கா, உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்" என்று ஒருநாள் அவன் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தான். மிச்சமாகிறதே என்று அதையும் போட்டாள். அதற்கப்புறம் மாதாமாதம் அப்படித்தான். சீருடை சீசன் முடிந்தது. வழக்கம் முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிட்டுவின் அம்மா கடைக்குள் வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து அவள் வந்து சேர நேரமாகும் என்பதால், சனிக்கிழமைகளில் கடைசியாக வீட்டுக்குப் போகிற பிள்ளை எப்போதும் சிட்டுதான். பதினோரு வயது. உருவம் சின்னது, குரல் மண்டபம் நிறையும். அதனால் வந்த பெயர்.

நர்ஸ் உட்காரவில்லை.

"சிட்டு ஒண்ணு சொல்றாக்கா. பாட்டு மாஸ்டர், மத்த பிள்ளைங்க போனப்புறம், தனியா சொல்லித் தர்றேன்னு…" வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தொடக் கூடாத மாதிரி தொடுறாராம். நேத்து போதகரைப் போய்ப் பாத்தேன். நோட்டை எடுத்துக் காட்டுறாரு. எல்லாச் சனிக்கிழமையும் கடைசிவரைக்கும் நீங்க கூட இருந்திருக்கீங்கன்னு போட்டிருக்கு. நீங்க சொல்லுங்கக்கா. நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேனே" என்றாள் தையலக்கா.

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. பயம்தான், வேறென்ன. இத்தனை வருடம் கட்டிக் காத்த பேரு. ஒரு நிமிடம் பொறுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த ஒரு நிமிடத்தில் நர்ஸின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

புதன்கிழமை ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். வியாழக்கிழமை நல்ல துணியைத் தப்பாக வெட்டினாள். அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பஸ் டிரைவர். எதிரில் வண்டி வந்தால் ஒதுங்கிப் போவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே புத்தி.

"வாயைக் கொடுத்து மாட்டிக்காதே. நீ அங்க எதையாவது பாத்தியா? பாக்கல. பாக்காத ஆளு எதுக்குச் சாட்சி?"

"நான் அங்க இல்லைங்கறதுக்கு" என்றாள் அக்கா.

மறுநாள் போக வேண்டியது நர்ஸ் வீட்டுக்கு. அவள் போனது சபை அலுவலகத்துக்கு. அங்கே சொன்னால் அவர்களே சரி செய்துவிடுவார்கள், நர்ஸின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்று ஒரு கணக்கு. கோழைக்கும் குறுக்கு வழி தெரியும்.

போதகர் கண்ணை மூடிக் கேட்டார். செயலாளர் நோட்டைக் கையில் வைத்திருந்தார்.

"இத்தனை நாளா பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு நீங்களே சொல்றீங்க" என்றார் போதகர்.

"ஆமாங்கய்யா."

"செவ்வாய்க்கிழமை அந்தம்மாகிட்ட, கூட இருந்தேன்னு சொன்னீங்களாமே."

"சொன்னேன்."

"அப்ப இன்னிக்குச் சொல்றது மட்டும் நிஜம்னு நாங்க எப்படிம்மா எடுத்துக்கறது?"

"எழுத்துல இருக்கறதுதானே சாட்சி" என்று செயலாளர் ஒத்து ஊதினார்.

தையலக்காவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. நல்ல கோபம். வந்ததே மூன்று நாள் தாமதம்.

"அந்தப் பக்கத்தைத் திருப்புங்கய்யா."

செயலாளர் திருப்பினார். வரப்போகிற சனிக்கிழமை. அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. இன்னும் வராத மூன்று சனிக்கிழமைகளுக்கு எதிரே, வந்த நேரம் நாலு, போன நேரம் ஆறு, கீழே அவள் கையெழுத்து. கட்டங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. கணக்கு வாத்தியாருக்கு முகம் வெளுத்துப் போயிற்று.

"இப்ப நம்புறீங்களா?" என்று கேட்டபடியே, நோட்டை மூடுவதற்குள் அக்கா போனை நீட்டிப் படம் எடுத்துவிட்டாள்.

"என்னம்மா பண்றீங்க! இது வெளிய போனா சபை பேரு என்ன ஆகும்? ஒரு வாலிபனோட எதிர்காலம் இது" என்று பதறினார் போதகர்.

"பதினோரு வயசுக்கு எதிர்காலம் கிடையாதாய்யா?"

"கமிட்டில பேசிக்கறோம். ஜெபம் பண்ணுங்க" என்றார் போதகர்.

கமிட்டி பேசிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் செயலாளர் இரண்டு அறிவிப்புகள் வாசித்தார். பாட்டு மாஸ்டர் உடல்நலம் கருதி வேறு ஊர்ச் சபைக்குப் போகிறார். அவருடைய ஊழியத்துக்காக எல்லாரும் எழுந்து நின்று ஜெபிப்போம். தையலக்கா, பிள்ளைகள் பாதுகாப்பு விதியை மீறியதால், சிறுவர் ஊழியத்திலிருந்து நீக்கப்படுகிறார். அந்த விதி வந்த நாளிலிருந்து தண்டனை வாங்கிய ஒரே ஆள் அவள்தான். ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றபோது அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரவிக்கைத் துணி கொடுத்திருந்த ஒருத்தி வாசலிலேயே, "தைக்க வேணாம்க்கா, திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள். வேறு ஊர்ச் சபையிலும் பிள்ளைகள் பாடுவார்கள், அங்கேயும் ஒரு நோட்டு இருக்கும் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் உறைக்கவில்லை. உறைத்தவர்கள் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

அக்கா அங்கிருந்து நேராக நர்ஸ் வீட்டுக்கு நடந்தாள். நர்ஸ் கதவைப் பாதிதான் திறந்தாள். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை நீங்க இருந்தேன்னு சொன்னீங்க இல்ல?" என்றாள் நர்ஸ். "நேரா வீட்டுக்கு வந்தேன். ஏன்டி பொய் சொன்னேன்னு கேட்டு என் பிள்ளையை அடிச்சேன்க்கா. பதினோரு வருஷத்துல ஒருநாள் கை வச்சதில்ல. உங்க பேச்சை நம்பி அடிச்சேன்."

காலில் விழுந்தால்கூட அது தன் மனசு ஆறத்தான் என்று தையலக்காவுக்குத் தெரிந்திருந்தது. விழவில்லை.

"போலீஸ்ல வந்து சொல்லுவீங்களா?"

"வர்றேன்."

"அங்கயும் உங்களைப் பொய்க்காரின்னுதான் சொல்வாங்க."

"சொல்லட்டும். பொய்க்காரிதானே."

திங்கட்கிழமை காலையில் சிட்டுவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஒரு பெண் அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"வராத நாளுக்கும் கையெழுத்தா?" என்றார். "பொண்ணு சொன்னதை இனிமே யாரும் லேசில தட்டிக் கழிக்க முடியாது. அந்த ஆளு எந்த ஊருக்குப் போனாலும் கூட்டிட்டு வருவோம். உங்க மேலயும் நடவடிக்கை வரலாம், தெரியுமில்ல?"

"வரட்டும்மா" என்றாள் அக்கா. பல நாளைக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நர்ஸை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"அக்காவை மன்னிச்சிடுடா கண்ணு. எனக்குத் தெரியாம போச்சு."

சிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோபமில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்ட முகம்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாதும்மா."

"நீங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டு என்னைப் பாத்து சிரிப்பீங்க. அவரும் உங்களைப் பாத்து சிரிப்பாரு. அப்புறம் நீங்க போயிடுவீங்க. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தான் செய்றீங்கன்னு நெனச்சேன்" என்றாள் சிட்டு. "அதான்க்கா உங்ககிட்ட சொல்லல."